நானோட்யூப் பி-டைப்பா, அதைச் சுத்தி இருக்கிற காற்று பி-டைப்பா?

"கார்பன் நானோட்யூப் இயல்பாவே பி-டைப்" – இந்த வரியை எத்தனை லெக்சர்ல கேட்டிருப்பேன், எத்தனை தீசிஸோட முதல் சாப்டர்ல படிச்சிருப்பேன்னு கணக்கே கிடையாது. நானோட்யூப்னா கார்பன் தாளைச் சுருட்டின மாதிரி இருக்கிற நுண்குழாய். பி-டைப்னா அதுல கரண்டைச் சுமக்கிறது ஹோல், அதாவது எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்; எலக்ட்ரானே சுமந்தா என்-டைப். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு செமினார்ல ஒரு ஆராய்ச்சி மாணவி அதே வரியை ஸ்லைட்ல போட்டுட்டு ஒரு நொடி கூட நிக்காம அடுத்ததுக்குப் போயிட்டாங்க. நல்ல பேச்சு, டேட்டாவும் ரொம்ப சுத்தம். கேள்வி நேரத்துல, "இதை வேக்கத்துல (காற்றில்லாத வெற்றிடத்துல) எடுத்தீங்களாம்மா, காற்றுலயா?"ன்னு கேட்டேன். "காற்றுலதான் சார், எல்லாரும் அப்படித்தானே எடுக்கிறாங்க"ன்னு பதில் வந்துச்சு. அந்தப் பதில்ல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல, உண்மையிலேயே எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறாங்க. ஆனா அன்னைலேர்ந்து மனசு ஆறல. காற்றுல வெச்சு அளந்த ஒரு குணத்தை ட்யூபோட பேர்ல எழுதி வெச்சிட்டோம், அந்தக் காற்று எந்த இடத்துல உக்காந்து அந்தக் குணத்தைக் கொடுக்குதுன்னு கேட்டா பாதிப் பேருக்கு ஒரு பதில், மீதிப் பேருக்கு வேற பதில். இதைப் பத்தி முழுசா எழுதிடணும்னு தோணுச்சு, அதான் இந்தப் பதிவு.

எல்லா அணுவும் வெளியிலதான்

முதல்ல இந்தப் பொருள் ஏன் காற்றுக்கு இப்படி ஆடுதுன்னு பார்த்துடலாம். ஒரு நானோமீட்டர் விட்டம் இருக்கிற ஒற்றைச் சுவர் ட்யூப்ல ஒரு மைக்ரான் நீளத்துக்கு சுமார் 1,20,000 கார்பன் அணு இருக்கும். அத்தனையும் மேற்பரப்பு அணு. உள்ளன்னு ஒண்ணு இல்லவே இல்ல. நூறு நானோமீட்டர் தடிமன்ல ஒரு சிலிக்கான் கம்பி எடுத்தா அதோட அணுக்கள்ல சுமார் ஒரு சதவீதம்தான் வெளியில இருக்கும், மீதி எல்லாம் பத்திரமா உள்ள, வெளியில எந்த வாயு வந்து ஒட்டினாலும் உள்ள ஓடுற கரண்டுக்கு அது அவ்வளவா தெரியாது. ட்யூப்ல அந்தப் பாதுகாப்பு கிடையாது, கரண்ட் ஓடுறதும் வாயு வந்து ஒட்டுறதும் ஒரே அணு மேலதான். இன்னொரு பக்கம் கரண்டைச் சுமக்கிற சார்ஜோட எண்ணிக்கையைப் பாருங்க. வழக்கமான சிலிக்கான் ஆக்சைடு மேல வெச்ச ட்யூப் ட்ரான்சிஸ்டர்ல கேட் (கரண்டைக் கட்டுப்படுத்துற முனை) வோல்டேஜை ஒரு வோல்ட் மாத்தினா ஒரு மைக்ரான் நீளத்துல ஏறி இறங்குறது நூறு, இருநூறு எலக்ட்ரான்தான். ஒட்டுற மூலக்கூறு ஒவ்வொண்ணும் ஒரு எலக்ட்ரான்ல பத்துல ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கிட்டாலே, ஆயிரம் மூலக்கூறு ஒட்டினா நூறு எலக்ட்ரான் போயிடும், கேட்ல ஒரு வோல்ட் மாத்தின அளவுக்கு சமம். 1,20,000 அணுவுக்கு நடுவுல ஆயிரம் மூலக்கூறுங்கிறது ஒரு சதவீதம் கூட இல்ல. நம்ம சுத்தி இருக்கிற காற்றோ ஒரு சதுர நானோமீட்டர்ல ஒரு நொடிக்கு சுமார் 300 கோடி மூலக்கூறா வந்து மோதிக்கிட்டே இருக்கு. இப்படி யோசிச்சா ட்யூப் காற்றுக்கு ஆடாம இருந்தாத்தான் ஆச்சரியப்படணும்.

இதெல்லாம் செமிகண்டக்டர் ட்யூபுக்குத்தான் பெருசாப் பொருந்தும்னும் சொல்லிடணும். கிராஃபீன்ங்கிற அந்தக் கார்பன் தாளை எந்தக் கோணத்துல சுருட்டினோம்ங்கிறதைப் பொறுத்து, கலவையா வளர்க்கிற ட்யூப்ல சுமார் மூணுல ஒண்ணு மெட்டல் மாதிரி இருக்கும், மீதி ரெண்டு பங்கு செமிகண்டக்டர். மெட்டல் ட்யூப்ல ஃபெர்மி மட்டத்தை, அதாவது எலக்ட்ரான் எந்த ஆற்றல் வரைக்கும் நிரம்பியிருக்குங்கிற அளவை, கொஞ்சம் மேல கீழ நகர்த்தினாலும் கடத்துற வழிகளோட எண்ணிக்கை மாறாது, அதனால வாயு வந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. செமிகண்டக்டர் ட்யூப்ல அதே நகர்வு கரண்டை ஆயிரம் மடங்கு ஏத்தும் இறக்கும். ரெண்டும் கலந்த ஒரு ஃபிலிமை அளந்துட்டு "நானோட்யூப் இவ்வளவு சதவீதம் மாறுது"ன்னு ஒரு நம்பர் சொல்றது அதனாலேயே எனக்குப் பிடிக்காது.

2000-ஆம் வருஷம்

இந்தத் துறைக்கு 2000-ஆம் வருஷத்தோட முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம். ஜனவரியில ஸ்டான்ஃபோர்ட்ல ஹாங்ஜி டாய் குழு சயின்ஸ் இதழ்ல ஒரு பேப்பர் போட்டாங்க. ஒரே ஒரு செமிகண்டக்டர் ட்யூப், ரெண்டு பக்கமும் மெட்டல் காண்டாக்ட். அது மேல 200 பிபிஎம் (பத்து லட்சத்துல 200 பங்கு) நைட்ரஜன் டைஆக்சைடு விட்டா சில நொடியில கடத்தல் சுமார் ஆயிரம் மடங்கு ஏறுது, ஒரு சதவீதம் அம்மோனியா விட்டா ஓரிரு நிமிஷத்துல சுமார் நூறு மடங்கு இறங்குது. சூடு பண்ண வேண்டாம், அறை வெப்பத்துலேயே நடக்குது. அந்தக் காலத்து மெட்டல் ஆக்சைடு சென்சருக்கு இருநூறு டிகிரிக்கு மேல சூடு வேணும்னு இருந்தப்ப இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. விளக்கமும் அழகா இருந்துச்சு: நைட்ரஜன் டைஆக்சைடு எலக்ட்ரானைப் பிடுங்கிக்குது, ட்யூப்ல ஹோல் கூடுது, கடத்தல் ஏறுது, அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுக்குது, ஹோல் குறையுது, கடத்தல் இறங்குது.

மார்ச்ல பெர்க்லில அலெக்ஸ் ஜெட்டல் குழுவோட பேப்பர் வந்துச்சு, அதுவும் சயின்ஸ்லதான். அவங்க கையில எடுத்தது சாதாரண ஆக்சிஜன். ட்யூப் ஃபிலிமை வேக்கத்துல சூடு பண்ணி வாயுவை எல்லாம் வெளியேத்திட்டு ஆக்சிஜனை மாத்தி மாத்தி விட்டுப் பார்த்தா ரெசிஸ்டன்ஸ் 10லேர்ந்து 15 சதவீதம் வரை ஏறி இறங்குது. அதை விட முக்கியமானது தெர்மோபவர். ஒரு முனை சூடா, இன்னொரு முனை குளிர்ச்சியா இருக்கிறப்ப எந்தப் பக்கம் வோல்டேஜ் வருதுங்கிறதை வெச்சு எலக்ட்ரான் ஓடுதா ஹோல் ஓடுதான்னு சொல்லலாம். காற்றுல அது பாசிட்டிவ், வாயு எல்லாம் போன பிறகு நெகட்டிவ். அளவு கூடலாம் குறையலாம், குறியே மாறிப்போச்சுன்னா அப்ப நாம அதுவரைக்கும் "ட்யூபோட குணம்"னு எழுதி வெச்சிருந்தது எதோட குணம்? அவங்களே அந்தப் பேப்பர்ல எச்சரிச்சாங்க, ட்யூபோட சொந்தக் குணம்னு அளந்து வெச்சதுல நிறைய, காற்றுபட்டதால கெட்டுப்போன அளவுகளா இருக்கலாம்னு. அந்த எச்சரிக்கை வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆகுது, அந்த ஸ்லைட் இன்னும் அப்படியேதான் இருக்கு.

அதே 2000-ல பீட்டர் எக்லண்ட் குழு இன்னொரு விஷயத்தைக் காமிச்சாங்க, அது ஏனோ அவ்வளவா பேசப்படல. ஹீலியம், நைட்ரஜன் மாதிரி எலக்ட்ரான் கொடுக்கவும் மாட்டாத வாங்கவும் மாட்டாத வாயு விட்டாலும் தெர்மோபவர் மாறுது. சார்ஜ் பரிமாற்றமே இல்லாம, வந்து மோதுறதே ட்யூபோட எலக்ட்ரானைத் தொந்தரவு பண்ணப் போதுமானதா இருக்கு. "வாயு வந்தா சார்ஜ் கொடுக்கும் இல்ல எடுக்கும், அவ்வளவுதான்"ங்கிற ஒத்தை வரி விளக்கத்துக்கு முதல் வருஷத்துலேயே ஒரு ஓட்டை விழுந்தாச்சு.

பம்பை ஓட விட்டுட்டுக் காத்திருந்தப்ப

நான் இதுக்குள்ள வந்தது ஒரு எளிமையான அளவு மூலமா. செமிகண்டக்டர் ட்யூப் அதிகமா இருக்கிற ஒரு மெல்லிய ஃபிலிமை சேம்பர்ல வெச்சு மூடி, பம்பை ஓட விட்டு, கரண்டைப் பதிவு பண்ணிக்கிட்டிருந்தேன். பிரஷர் சீக்கிரமே இறங்கிடுச்சு. கரண்ட் இறங்க ஆரம்பிச்சுது, நிக்கவே இல்ல. சாயங்காலம் இறங்குது, ராத்திரி இறங்குது, மறுநாள் காலையில வந்து பார்த்தா இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு. சேம்பரைச் சூடு பண்ணினதும் மளமளன்னு இறங்கி ஒரு இடத்துல நின்னுச்சு. இந்தத் துறையில இருக்கிற யாருக்கும் இது புதுசில்ல, "டிகேஸ் ஆகுது (ஒட்டின வாயு கழண்டு போகுது), விடு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அந்த வேகம்தான் உறுத்துச்சு. ஏன் இவ்வளவு மெதுவா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டோபியாஸ் ஹெர்டெல் குழு 2002-ல ட்யூப் கட்டு மேல ஆக்சிஜன் எவ்வளவு பலமா ஒட்டுதுன்னு அளந்தாங்க, மூலக்கூறுக்கு சுமார் 0.19 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல ஆற்றலை அளக்கிற அலகு). இது வெறும் வான்டர்வால்ஸ் ஒட்டு, ரசாயனப் பிணைப்பு எதுவும் இல்ல. அறை வெப்பத்தோட ஆற்றல் சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட், மூலக்கூறு ஒரு நொடிக்கு பத்து லட்சம் கோடி தடவை வெளியேற முயற்சி பண்ணும்னு வெச்சுக்கிட்டா, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு ட்யூப் மேல தங்குற நேரம் ஒரு நொடியை ஆயிரம் கோடியாப் பங்கு போட்டா அதுல ஒண்ணு ரெண்டு பங்கு, இல்ல பத்து இருபது பங்குன்னே தாராளமா வெச்சுக்குவோம். அதாவது பம்ப் இழுத்த உடனே, கண்ணை இமைக்கிறதுக்குள்ள, மேல ஒட்டியிருந்த ஆக்சிஜன் மொத்தமும் போயிருக்கணும். ராத்திரி முழுக்க இறங்குறதுக்கு அங்க ஒண்ணுமே மிச்சம் இருக்கக் கூடாது. சூடு பண்ணவும் தேவைப்படக் கூடாது. ஆனா தேவைப்படுது. இந்த இடத்துல நிதானமா நின்னு யோசிச்சா ஒரே முடிவுதான் வரும்: ட்யூபை பி-டைப்பா வெச்சிருக்கிறது ட்யூபோட சுத்தமான சுவர்மேல லேசா ஒட்டிக்கிட்டிருக்கிற ஆக்சிஜன் இல்ல. ஹெர்டெல் குழுவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாங்க.

அடுத்த வருஷமே இத்தாலியில ட்ரியெஸ்தே நகரத்து சிங்க்ரோட்ரான்ல (தீவிரமான எக்ஸ்-கதிர் கொடுக்கிற துகள் முடுக்கி) ஆண்ட்ரியா கோல்டோனி குழு இன்னொரு கோணத்துலேர்ந்து அதே இடத்துக்கு வந்தாங்க. சுத்திகரிப்பு பண்றப்ப ட்யூப்ல ஒட்டிக்கிற சோடியம் மாதிரி அழுக்கை எல்லாம் வேக்கத்துல நல்லா சூடு பண்ணி விரட்டிட்டு, ஃபோட்டோஎமிஷன்ல (ஒளியால எலக்ட்ரானை வெளியேத்தி அதோட ஆற்றலை அளக்கிற முறை) பார்த்தா, ஆக்சிஜனுக்கு ட்யூப் அசையவே இல்ல. தண்ணி ஆவி, நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எதுக்கும் அசையல. ஆனா நைட்ரஜன் டைஆக்சைடு, சல்ஃபர் டைஆக்சைடு, அம்மோனியா விட்டா அப்பவும் மாறுது. இந்த வித்தியாசத்தை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில எனக்கு இது வேணும்.

நகர்றதா, சாயுறதா

எனக்கு இந்த விஷயம் மொத்தமாத் திரும்பின இடம் ஐபிஎம் வாட்சன் ஆராய்ச்சி மையத்துல ஃபீடான் அவூரிஸ் குழு 2001, 2002-ல பண்ணின வேலை. வின்சென்ட் டெரிக், ரிச்சர்ட் மார்ட்டெல், ஜோர்க் அப்பன்செல்லர் எல்லாம் சேர்ந்து பண்ணினது. அவங்க கேட்ட கேள்வி ரொம்ப நேரடியானது. ஆக்சிஜன் ட்யூபை டோப் பண்ணுதுன்னு, அதாவது அதுக்குள்ள இருக்கிற சார்ஜைக் கூட்டிக் குறைக்குதுன்னு சொல்றோமே, டோப் பண்ணினா ட்ரான்சிஸ்டர் வளைவு எப்படி மாறணும், இங்க எப்படி மாறுது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்னு. ஒப்பிட ஒரு அசல் டோப்பண்ட் வேணும், அதுக்கு பொட்டாசியத்தை எடுத்தாங்க. பொட்டாசியம் தன்னோட எலக்ட்ரானைத் தாராளமா ட்யூபுக்குக் கொடுத்துடும், அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது.

கேட் வோல்டேஜை ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் வரைக்கும் ஓட்டி கரண்டை வரைஞ்சா, வேக்கத்துல சூடு பண்ணின ட்யூப் பாசிட்டிவ் கேட்ல நல்லாக் கடத்தும், அதாவது எலக்ட்ரான் ஓடுது, என்-டைப். பொட்டாசியம் போடப் போட அந்த வளைவு மொத்தமா நெகட்டிவ் வோல்டேஜ் பக்கம் நகர்ந்துக்கிட்டே போகும். உள்ள ஏற்கெனவே நிறைய எலக்ட்ரான் இருக்கு, அதை வெளிய தள்ளி நிறுத்தணும்னா கேட்ல அதிக நெகட்டிவ் கொடுக்கணும், டோப்பிங்னா இதுதான் அடையாளம். ஆக்சிஜனை விட்டா இது நடக்கல. வளைவு நகரவே இல்ல. எந்த வோல்டேஜ்ல திறக்குதோ அங்கேயேதான் திறக்குது. மாறினது வேற ஒண்ணு: ஆக்சிஜன் கூடக் கூட எலக்ட்ரான் பக்கத்துக் கரண்ட் தேயுது, ஹோல் பக்கத்துக் கரண்ட் வளருது, நடுவுல ரெண்டு பக்கமும் சமமாக் கடத்துற ஒரு நிலை கூட வருது. வளைவு இடம் நகராம ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் சாயுது. ஆக்சிஜனை எடுத்துட்டு சூடு பண்ணினா திரும்ப எலக்ட்ரான் பக்கம் சாயுது.

முதல் தடவை இந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்ப ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். ட்யூப்ல எலக்ட்ரான் கூடினா குறைஞ்சா வளைவு நகர்ந்தே ஆகணும், அதுலேர்ந்து தப்பவே முடியாது. நகரலன்னா ட்யூபுக்குள்ள சார்ஜ் அவ்வளவா மாறலன்னுதான் அர்த்தம். அப்ப மாறினது எங்க? அவங்க சொன்ன பதில், காண்டாக்ட்ல. மெட்டலும் ட்யூபும் சேர்ற இடத்துல ஷாட்கி தடைன்னு ஒண்ணு இருக்கு. மெட்டலோட ஃபெர்மி மட்டம் ட்யூபோட பேண்ட் கேப்ல (எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) எந்த உயரத்துல வந்து நிக்குதோ அதைப் பொறுத்து எலக்ட்ரானுக்கு அந்தத் தடை உசரமா இருக்கும், இல்ல ஹோலுக்கு உசரமா இருக்கும். பெரிய மண்டபத்துக்குள்ள எவ்வளவு இடம் இருந்தா என்ன, உள்ள வர்ற வாசல் எத்தனை பேரை விடுதோ அத்தனை பேருதான். இங்க வாசல் அந்தத் தடை. ஆக்சிஜன் போய் உக்கார்றது மெட்டலோட மேற்பரப்புல, காண்டாக்டுக்குப் பக்கத்துல, அதனால அங்க மெட்டலோட ஒர்க் ஃபங்ஷன் (எலக்ட்ரானை வெளிய எடுக்கத் தேவையான ஆற்றல்) மாறி மட்டம் ஹோலுக்குச் சாதகமா இறங்கிடுது. ட்யூப் ஒரு நானோமீட்டர் விட்டத்துல இருக்கிறதால கேட்டோட மின்புலம் அந்தத் தடையை ரொம்ப மெல்லிசாக்கிடும், கரண்ட் அதை டனலிங் மூலமா, அதாவது மேல ஏறாம ஊடுருவித் தாண்டும், டனலிங் கரண்ட் தடையோட உயரத்துக்கும் அகலத்துக்கும் எக்ஸ்பொனென்ஷியலா மாறும். ஆக, பல மைக்ரான் நீள ட்யூப்ல காண்டாக்டை ஒட்டின சில நானோமீட்டர்ல நடக்கிற ஒரு சின்ன மாற்றம் மொத்த சாதனத்தோட குணத்தையே தீர்மானிச்சுடும்.

இதைப் படிச்ச பிறகு எந்த நானோட்யூப் சென்சர் பேப்பரைப் பார்த்தாலும் நான் முதல்ல தேடுறது சென்சிட்டிவிட்டி நம்பரை இல்ல. கேட் வளைவைக் கொடுத்திருக்காங்களான்னுதான் தேடுறேன். ரெண்டு முனையில வோல்டேஜ் கொடுத்து கரண்ட் இத்தனை சதவீதம் மாறுச்சுன்னு மட்டும் சொல்ற பேப்பர்லேர்ந்து வாயு எங்க வேலை செஞ்சுதுன்னு சொல்லவே முடியாது. நகர்ந்துதா சாஞ்சுதான்னு தெரியணும்னா கேட் வேணும். கேட் வெச்ச சாதனத்தையே கையில வெச்சுக்கிட்டு ஒரே கேட் வோல்டேஜ்ல மட்டும் அளந்துட்டுப் போறவங்க நிறைய, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும், ஏன்னா பதில் அந்த சாதனத்துலேயே இருந்துச்சு.

தண்ணியையும் சேர்த்துக்கணும்

கதை காண்டாக்டோட முடிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். ஆனா என்னோட பழைய உறுத்தல் அப்படியேதான் இருந்துச்சு, ஏன் மெதுவா? இதுக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைச்சது 2009-ல வந்த ஒரு வேலையில. எழுதினது மான்ட்ரியால்ல இருக்கிற குழு, அதுக்குத் தலைமை அதே ரிச்சர்ட் மார்ட்டெல், ஐபிஎம்ல அந்த வளைவுகளை வரைஞ்சவங்கள்ல ஒருத்தர். தான் உதவி பண்ணி நிலைநாட்டின ஒரு விளக்கத்துக்கு அவரே திரும்ப வந்து இது போதுமான்னு கேட்டதுல எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ட்யூப் படுத்திருக்கிற சிலிக்கான் ஆக்சைடு தண்ணியை விரும்புற பரப்பு. அது மேல சிலனால் குழுக்கள் (சிலிக்கானோட சேர்ந்த ஓ-ஹெச் குழுக்கள்) இருக்கு, அதுல தண்ணி மூலக்கூறு கெட்டியா ஒட்டிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமா. கேட்டை முன்னாடியும் பின்னாடியும் ஓட்டினா வளைவு ஒரே தடத்துல போகாம ரெண்டு தடமாப் போகுதே, அந்த ஹிஸ்டெரிசிஸுக்கு இந்தத் தண்ணிதான் காரணம்னு 2003-லேயே டாய் குழு காமிச்சாங்க, பம்ப் பண்ணினா மட்டும் அந்தத் தண்ணி முழுசாப் போகாது, சூடும் பண்ணணும்னு சொன்னாங்க. மான்ட்ரியால் குழு ஒரு படி மேல போனாங்க. ஆக்சிஜனும் தண்ணியும் சேர்ந்து ஒரு மின்வேதி ஜோடி: தண்ணிப் படலத்துல கரைஞ்ச ஆக்சிஜன் மூலக்கூறு நாலு எலக்ட்ரானையும் நாலு புரோட்டானையும் வாங்கிக்கிட்டு ரெண்டு தண்ணி மூலக்கூறா மாறும். அந்த எலக்ட்ரான் எங்கேர்ந்து வரும்? பக்கத்துல இருக்கிற ட்யூப்லேர்ந்து. அந்த ஜோடியோட ஆற்றல் மட்டம் வேக்கம் அளவுலேர்ந்து (எலக்ட்ரான் பொருளை விட்டு முழுசா வெளியேறின நிலை) சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் கீழ இருக்கு, ட்யூபோட மட்டங்களுக்குப் பக்கத்துலேயே. பாசிட்டிவ் கேட் கொடுத்து ட்யூப்ல எலக்ட்ரானை நிரப்பப் பார்த்தா அதை இந்த ஜோடி வாங்கி வெச்சுக்குது, எலக்ட்ரான் கடத்தல் அடங்கிப்போகுது, ஹோல் கடத்தல் மட்டும் மிஞ்சுது. தண்ணி ஒட்டாத பாலிமர் பரப்பு மேல ட்யூபை வெச்சா இந்த அடங்கல் ரொம்பக் குறைஞ்சுடுது. இந்தப் பார்வையில ஆக்சிஜன் ட்யூப்ல ஒட்டவே வேண்டாம், பக்கத்துத் தண்ணியில இருந்தாப் போதும்.

ராத்திரி முழுக்க இறங்கின அந்தக் கரண்ட் இப்ப எனக்குப் புரியுது. நான் பம்ப் பண்ணிக்கிட்டிருந்தது ட்யூப் மேல இருந்த ஆக்சிஜனை இல்ல, அது எப்பவோ போயிடுச்சு. ஆக்சைடுல ஒட்டியிருந்த தண்ணி ஒவ்வொரு மூலக்கூறா விட்டு வந்துக்கிட்டிருந்துச்சு, அதுக்குத்தான் நேரம், அதுக்குத்தான் சூடு. ஐபிஎம் வளைவு இதனால பொய் ஆகல, வளைவு நகரல சாயுதுங்கிறது அப்படியே நிக்குது, அதுக்குச் சொன்ன காரணத்துல காண்டாக்டோட இன்னொரு பங்காளி சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். எந்தப் பங்கு எவ்வளவுங்கிறது மெட்டல் எது, ஆக்சைடு எது, அன்னைக்கு எவ்வளவு ஈரப்பதம்ங்கிறதைப் பொறுத்து சாதனத்துக்கு சாதனம் மாறும்னுதான் நினைக்கிறேன். அம்மோனியாவை வெச்சு 2009-ல வந்த இன்னொரு வேலை இதே மாதிரிதான் முடிஞ்சுது, 150 டிகிரி வரைக்கும் காண்டாக்ட் தடைதான் ஆட்டத்தை நடத்துது, அதுக்கு மேல சூடாக்கினாத்தான் ட்யூபோட உடம்புல அம்மோனியா ஒட்டுறது தெரிய ஆரம்பிக்குதுன்னு காண்டாக்டை மூடியும் மூடாமலும் அளந்து பார்த்தாங்க. பழைய "அம்மோனியா எலக்ட்ரான் கொடுக்குது" படத்தை அறை வெப்ப சென்சருக்கு அப்படியே போடுறவங்க இதைப் படிக்கணும்.

நைட்ரஜன் டைஆக்சைடு வேற மாதிரி

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம், எல்லாமே காண்டாக்டும் தண்ணியும்தான், ட்யூப் சும்மா நடுவுல கிடக்குதுன்னு நான் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. நைட்ரஜன் டைஆக்சைடு விஷயத்துல ட்யூபே நேரடியா உணருதுன்னுதான் நான் நம்புறேன். ட்ரியெஸ்தே அளவுல காண்டாக்ட் தடை, கேட், ட்ரான்சிஸ்டர் எதுவும் இல்ல, தண்ணியையும் விரட்டியாச்சு, அப்படி இருந்தும் ட்யூபோட எலக்ட்ரான் மட்டங்கள் அதுக்கு மாறுது. அந்த மூலக்கூறுல ஜோடி சேராத ஒத்தை எலக்ட்ரான் ஒண்ணு இருக்கு, எலக்ட்ரானை இழுத்துக்கிற பசி அதுக்கு ஜாஸ்தி. ஸ்டான்ஃபோர்ட் பேப்பர்ல வாயுவை நிறுத்தின பிறகு கடத்தல் பழைய நிலைக்கு வர சுமார் 12 மணி நேரம் ஆச்சு. ஆக்சிஜனுக்குப் போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போட்டா இவ்வளவு நேரம் தங்குறதுக்கு சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட் பிணைப்பு வேணும், ஆக்சிஜனை விட அஞ்சு மடங்கு. இதை லேசான ஒட்டுன்னு சொல்ல முடியாது.

ஆனா இந்தக் கணக்குலயும் ஒரு முள் இருக்கு. அதே 1 எலக்ட்ரான் வோல்ட்னா 200 டிகிரியில மூலக்கூறு ஒரு நொடியில நூறுல ஒரு பங்கு கூடத் தங்காது, உடனே பறந்துடணும். அவங்க அந்த வெப்பத்துல சுமார் ஒரு மணி நேரம் வெச்சுத்தான் சாதனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தாங்க. உண்மையிலேயே அவ்வளவு நேரம் தேவைப்பட்டுதா, பத்திரத்துக்காகக் கூட்டி வெச்சாங்களான்னு வெளியிலேர்ந்து பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆனா தேவைப்பட்டிருந்தா ஒரே ஒரு பிணைப்பு ஆற்றல் போதாது. சுத்தமான சுவர்ல ஒட்டினது ஒரு ரகம், சுவர்ல அணு விட்டுப்போன குறைபாட்டுல ஒட்டினது ஒரு ரகம், காண்டாக்ட் ஓரத்துல ஒட்டினது இன்னொரு ரகம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல கிளம்பும். குறைபாடு எவ்வளவு முக்கியம்னு 2006-ல அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துல இருந்தவங்க காமிச்சாங்க, வேணும்னே கொஞ்சம் ஆக்சிடைஸ் பண்ணி குறைபாடு சேர்த்தா பல ஆவிகளுக்கு ட்யூப் இன்னும் நல்லா உணருது. "பர்ஃபெக்ட் ட்யூப் பர்ஃபெக்ட் சென்சர்"னு நினைச்சிருந்தவங்களுக்கு அது ஒரு அடி.

சென்சர் செய்றவங்க இதை எல்லாம் தெரிஞ்சேதான் ட்யூப் மேல வேற பொருளைப் பூசுறாங்க, ஹைட்ரஜனுக்கு பல்லேடியம் துகள், காற்றுலேயே என்-டைப்பா நிக்க வெக்கிறதுக்கு பாலிஎதிலீன்இமின் மாதிரி அமின் நிறைஞ்ச பாலிமர். ரெண்டுமே டாய் குழு 2001-லேயே செஞ்சு காமிச்சது. காற்றுலேயே என்-டைப்பா நிக்குதுன்னா, "இயல்பாவே பி-டைப்"ங்கிற வரிக்கு அந்த வருஷத்துலேயே பதில் வந்தாச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச அளவு இது எதுவும் இல்ல, 2010-ல சியாட்டில்ல டேவிட் காப்டன் குழு பண்ணினது. ரெண்டு மெட்டலுக்கு நடுவுல ட்யூபை அந்தரத்துல தொங்க விட்டு, குளிர வெச்சு, ஆர்கான், கிரிப்டான் மாதிரி வாயுவை விட்டாங்க. அடியில ஆக்சைடு இல்ல, அதனால தண்ணிப் படலமும் இல்ல. ட்யூப் அதிர்ற ஃப்ரீக்வென்சியை வெச்சு எத்தனை அணு ஒட்டியிருக்குன்னு எண்ணிடலாம், ஏன்னா எடை கூடினா ஃப்ரீக்வென்சி குறையும். அந்த அணுக்கள் ட்யூபோட உருளை மேல முதல்ல வாயு மாதிரி சிதறி இருந்து, பிறகு ஒழுங்கான படலமா உறையுது, அப்படி நிலை மாறுற அதே இடத்துல ட்யூபோட மின் கடத்தலும் மாறுது. எலக்ட்ரானைக் கொடுக்கவும் வாங்கவும் பெருசா எதுவும் இல்லாத மந்த வாயு, அது எப்படி அடுக்கி உக்காருதுங்கிறதை கரண்ட் உணருது.

இதே மாதிரி தொங்குற ட்யூப், காண்டாக்ட் ரெண்டையும் வாயு புகாத அளவுக்கு மூடி, கேட் வளைவை முழுசா ஓட்டி, அறை வெப்பத்துல காய்ஞ்ச ஆக்சிஜன், பிறகு ஈரமான ஆக்சிஜன், பிறகு நைட்ரஜன் டைஆக்சைடு, இந்த வரிசையில ஒரே ட்யூப்ல அளந்து ஒரே படத்துல போடணும். காய்ஞ்ச ஆக்சிஜன்ல வளைவு அசையக் கூடாது, நகரவும் கூடாது சாயவும் கூடாது. ஈரமான ஆக்சிஜன்லயும் கிட்டத்தட்ட அசையக் கூடாது, ஏன்னா படலம் நிக்க அடியில இடமில்ல. நைட்ரஜன் டைஆக்சைடுல மட்டும் பாசிட்டிவ் வோல்டேஜ் பக்கம் தெளிவா நகரணும். இந்த மூணுல ஒண்ணு வேற மாதிரி வந்தாலும் மேல நான் எழுதினதுல ஒரு பகுதியைத் திரும்ப எழுதணும், அதுக்கு நான் தயார். அந்த மாணவிக்கும் இதைத்தான் மெயில்ல எழுதியிருக்கேன், உங்ககிட்ட இருக்கிற டேட்டா நல்லா இருக்கும்மா, கேட் வளைவை வேக்கத்துல சூடு பண்ணினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை எடுத்து அதே ஸ்லைட்ல பக்கத்துல வெச்சுடுங்கன்னு.